கல்யாண வீடியோவை டிவிடியில் பதிவது எப்படி?

கேள்வி: தங்கையின் திருமண வீடியோ பென்டிரைவில் எம்பி4 ஃபைலாக இருக்கிறது. 2 மணி 10 நிமிடம், 3.2 ஜிபி. ஊரில் அத்தை வீட்டில் பழைய டிவிடி பிளேயரும் பிக்சர் டியூப் டிவியும்தான். டிஸ்க்கில் பர்ன் செய்து கொடுத்தேன், ஓடவில்லை. ஃபைல் பெயரின் கடைசியில், டிவிடி ஃபைல்களில் இருப்பது போல விஓபி (VOB) என்று மாற்றியும் பார்த்தேன், அதுவும் ஓடவில்லை. என்ன செய்யலாம்?

பதில்: உங்கள் டிஸ்க்கில் குறை இல்லை, பிளேயரிலும் இல்லை. நீங்கள் செய்தது டேட்டா டிஸ்க். அத்தை வீட்டுப் பிளேயர் எதிர்பார்ப்பது வீடியோ டிவிடி. டிவிடி சந்தைக்கு வந்தது 1996-இல். இன்றைய எம்பி4 ஃபைல்களில் பெரும்பாலும் இருக்கும் எச்.264 என்ற வீடியோ சுருக்கும் முறை 2003-இல்தான் வந்தது. பழைய பிளேயருக்குத் தெரிந்த முறை எம்பெக்-2. பெயரை மாற்றினால் உள்ளே இருப்பது மாறாது. வீடியோவையே எம்பெக்-2 ஆக மாற்றி, அதற்குரிய ஃபோல்டர் அமைப்பில் வைக்க வேண்டும்.

இந்த இரண்டு வேலையையும் டிவிடிஸ்டைலர் என்ற இலவச மென்பொருள் சேர்த்தே செய்துவிடும். நிறுவும்போது வேறு ஏதாவது சேர்க்கட்டுமா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். பலர் ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாற்றியைப் பரிந்துரைப்பார்கள். நல்ல மென்பொருள்தான், ஆனால் அது வீடியோ டிவிடி உருவாக்காது.

இனி முக்கியமான விஷயம். 3.2 ஜிபி ஃபைல், 4.7 ஜிபி டிஸ்க், தாராளமாகக் கொள்ளுமே என்று தோன்றும். அந்தக் கணக்கு இங்கே செல்லாது. எம்பெக்-2 ஆக மாற்றும்போது ஃபைலின் பழைய அளவுக்கு வேலையே இல்லை, எத்தனை நிமிடம் ஓடுகிறது என்பதுதான் கணக்கு. ஒரு டிஸ்க்கில் இருக்கும் இடத்தை உங்கள் 130 நிமிடத்துக்குப் பங்கிட்டால் ஒவ்வொரு விநாடிப் படத்துக்கும் சுமார் 4.8 மெகாபிட் தகவல் வைக்க இடம் கிடைக்கும். ஆடியோவுக்கும் விட்டு, பாதுகாப்புக்காகக் கொஞ்சம் இடத்தையும் மிச்சம் வைத்தால் வீடியோவுக்கு 4.4 மெகாபிட். உட்கார்ந்து பேசும் காட்சிக்கு இது போதும். அட்சதை தூவும் நேரத்தை நினைத்துப் பாருங்கள். நூறு கைகள், பறக்கும் அரிசி, பூ, ஃபிளாஷ் வெளிச்சம் என்று ஒவ்வொரு ஃபிரேமும் முந்தையதிலிருந்து மாறிக்கொண்டே இருக்கும். அங்கேதான் படம் கட்டம் கட்டமாக உடையும். எல்லோரும் திரும்பத் திரும்பப் பார்க்கப்போகிற காட்சியும் அதுதான்.

அதனால் இரண்டு டிஸ்க்காகப் பிரியுங்கள் என்றே சொல்வேன். முகூர்த்தம் ஒன்றில், வரவேற்பு இன்னொன்றில். அப்போது வீடியோவுக்கு 8 மெகாபிட் வரை கொடுக்கலாம். டிவிடியில் வீடியோவுக்கான உச்ச வரம்பு 9.8. ஆனால் வீட்டில் பதிந்த டிஸ்க்கில் அந்த உச்சத்துக்குப் போனால் பழைய பிளேயர்கள் திணறும், 8-லேயே நில்லுங்கள். 8.5 ஜிபி இரட்டை அடுக்கு டிஸ்க்கும் உண்டு. பழைய பிளேயரில் அதை நான் நம்ப மாட்டேன்.

புதிய ப்ராஜெக்ட் தொடங்கும்போது பால் (PAL) வேண்டுமா, என்டிஎஸ்சி (NTSC) வேண்டுமா என்று கேட்கும். இரண்டும் டிவிக்கான படமுறைகள். நம் நாட்டு முறை பால், விநாடிக்கு 25 ஃபிரேம். உங்கள் வீடியோ எத்தனை ஃபிரேம் என்பதை விண்டோஸில் ஃபைலின் ப்ராப்பர்டீஸ் பகுதியிலேயே பார்க்கலாம். 25 என்றால் யோசிக்காமல் பால். ஃபோனில் எடுத்தது போல 30 என்று இருந்தால், பாலுக்கு மாற்றும்போது நடப்பவர்கள் லேசாகத் தட்டித் தட்டி நகர்வது போலத் தெரியும். பிக்சர் டியூப் டிவியில் என்டிஎஸ்சி சில சமயம் கறுப்பு வெள்ளையாக வந்துவிடும் என்பதால், அத்தைக்குப் பாலே பாதுகாப்பு. ஆடியோவுக்கு ஏசி-3 என்ற ஒலி முறையையும் 48 கிலோஹெர்ட்ஸையும் தேர்ந்தெடுங்கள்.

படத்தின் வடிவம் 16:9 என்று வையுங்கள். அப்புறம் பிளேயரின் செட்டிங்ஸில் டிவி வகையை 4:3 லெட்டர்பாக்ஸ் (மேலும் கீழும் கறுப்புப் பட்டையுடன் முழுப் படமும் தெரியும் முறை) என்று மாற்ற வேண்டும், இல்லையென்றால் மணமக்கள் ஒல்லியாகி நீண்டு தெரிவார்கள். பிக்சர் டியூப் டிவி படத்தின் ஓரங்களைக் கொஞ்சம் வெட்டியே காட்டும். பெயர் எழுத்துகள் சேர்ப்பதானால் விளிம்பை ஒட்டி வைக்காதீர்கள்.

நேரே டிஸ்க்கில் பர்ன் செய்யாமல் முதலில் ஐஎஸ்ஓ (ISO) ஃபைலாக, அதாவது முழு டிஸ்க்கின் நகலாக, கம்ப்யூட்டரில் சேமியுங்கள். அதை விஎல்சி (VLC) என்ற வீடியோ பிளேயர் மென்பொருளில் திறந்து, உதடும் குரலும் ஒத்துப்போகிறதா என்று நடுவில் இரண்டு மூன்று இடங்களில் பாருங்கள். ஃபோன் வீடியோக்களில் ஃபிரேம் வேகம் சீராக இல்லாததால் குரல் தள்ளிப்போவது சகஜம். சரியாக இருந்தால் டிவிடி-ஆர் டிஸ்க் போட்டு, இம்ஜ்பர்ன் (ImgBurn) என்ற பர்ன் செய்யும் மென்பொருளில் 4எக்ஸ் அல்லது 8எக்ஸ் வேகத்தில் பர்ன் செய்யுங்கள். முடிந்ததும் சரிபார்க்கும் வசதி அதிலேயே இருக்கிறது, அதை அணைக்காதீர்கள். டிஸ்க்கின் மேல் ஸ்டிக்கர் ஒட்ட வேண்டாம், மார்க்கரால் எழுதினால் போதும்.

எம்பி4 ஃபைலைத் தயவுசெய்து அழிக்காதீர்கள். டிவிடிக்கு மாறும்போது படம் 720க்கு 576 புள்ளிகளாகச் சுருங்கிவிடும், இழந்த தெளிவை டிஸ்க்கிலிருந்து திரும்ப எடுக்கவே முடியாது. அடுத்த பிரதி வேண்டுமென்றால் ஐஎஸ்ஓவிலிருந்தே பர்ன் செய்யுங்கள்.

அத்தை வீட்டில் போட்டுக் காட்டும்போது தொடக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு எழுந்துவிடாதீர்கள். டிஸ்க் உள்ளிருந்து வெளிவிளிம்பு நோக்கிப் பதிவாகிறது, பர்ன் பிழை பெரும்பாலும் அந்த விளிம்பில்தான் வரும். ஒவ்வொரு டிஸ்க்கிலும் கடைசிப் பத்து நிமிடத்தை அந்தப் பிளேயரிலேயே ஓட விட்டுப் பாருங்கள்.