மின்சக்தி, கழிவு முகாமைத்துவத் துறைகளில் வேலை உண்மையில் எப்படி இருக்கும்?

நாறும், தம்பி. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

மின்பொறியியல் முடிக்கப்போகிறீர்கள், சூழல் பக்கம் போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் திருகோணமலையில் இருந்து எழுதுகிறேன். என்னுடைய முதல் வேலை கணினிக்கு முன்னால் இல்லை. வீடுகளில் இருந்து வந்த குப்பைப் பைகளைத் தறப்பாளில் கொட்டி, வகை பிரித்து, நிறுத்து எழுதுவது. ஒரு பை இன்னும் நினைவில் நிற்கிறது: சூரைத் தலையும் செவுளும், பழஞ்சோறு, பிழிந்த தேங்காய்ப்பூ, நடுவில் பிள்ளையின் பம்பஸ். தூக்கினால் தண்ணீர் ஓடியது.

நம் நாட்டு வீட்டுக் குப்பையில் பாதிக்கு மேல் இப்படி உக்கும் சாமான்தான். எரித்து மின்சாரம் எடுக்கலாம் என்று யாராவது படம் போட்டுக் காட்டினால், அந்தத் தண்ணீரை ஆவியாக்கவே எவ்வளவு வெப்பம் போகும் என்று கேளுங்கள். ஈரக் குப்பைக்கு உயிர்வாயுத் தொட்டி தோது. காற்றுப் புகாத இடத்தில் பக்டீரியா அதைத் தின்று மீதேன் தரும், மிச்சம் பசளையாகும். ஆனால் தென்னை மட்டையைப் போட்டால் போட்டபடியே கிடக்கும்.

இதெல்லாம் தெரிந்தும் ஒருமுறை சறுக்கினேன். ஓர் உள்ளூராட்சி மன்றத்துக்குக் குப்பை அரைக்கும் இயந்திரம் வாங்கினார்கள். காய்ந்த குப்பைக்கானது. மூன்றாம் மாதம் பல்லெல்லாம் சொப்பிங் பேக் சுற்றி நின்றுவிட்டது. சிபாரிசு அறிக்கையில் என் கையெழுத்தும் இருக்கிறது.

2017 ஏப்ரலில் கொழும்பு மீத்தொட்டமுல்லையில் குப்பை மலை சரிந்து 30 பேருக்கு மேல் இறந்த பிறகுதான் கொழும்பு மேசைகளில் இது பெரிய பேச்சானது. அந்த ஆண்டு செப்டெம்பரில் சோறு சுற்றும் பொலித்தீன் தாளான லஞ்ச் சீற்றுக்குத் தடை வந்தது. இங்கே திருகோணமலைக் கோட்டைப் பக்கம் போனால் மான்கள் பொலித்தீன் சப்புவதை இன்றைக்கும் பார்க்கலாம்.

பிறகு சக்திக் கொள்கைப் பக்கம் வந்தேன். நாற்றம் குறைவு, கூட்டம் அதிகம். அங்கேயும் பையைத் திறந்து பார்க்காத பழக்கம்தான். சம்பூரில் 500 மெகாவாட் நிலக்கரி நிலையம் வருவதாக இருந்து, 2016இல் கைவிடப்பட்டது. அதே சம்பூரில் 120 மெகாவாட் சூரிய மின் திட்டத்தை 2025 ஏப்ரலில் தொடக்கி வைத்தார்கள். எனக்குச் சந்தோசம். ஆனால் அதே மாதப் புத்தாண்டு விடுமுறையில், தேவை படுத்துவிட்டதால், கூரையில் சூரியப் பலகை வைத்திருப்பவர்களைப் பகலில் நிறுத்தி வைக்கச் சொன்னார்கள். நம் மின்பாவனை உச்சிக்குப் போவது விளக்கு வைக்கும் நேரத்தில். வெயில் அப்போது இருக்காது. மத்தியான மின்சாரத்தை மின்கலங்களில் இரவுக்குக் கொண்டுபோவது யார், யார் காசில்? இப்போது என் நாள் முழுக்க இந்தக் கணக்குத்தான்.

வருவதென்றால் வாருங்கள். அதற்கு முன் உங்கள் வீட்டுக் குப்பையை ஒரு கிழமை பிரித்து நிறுத்து எழுதுங்கள். நேர்முகத் தேர்வில் நான் இருந்தால் அதைத்தான் கேட்பேன். பழைய உடுப்பொன்றைப் போட்டுக்கொண்டு செய்யுங்கள். என்னுடைய சேட்டுகளை அம்மா இன்னும் தனியாகத்தான் தோய்க்கிறா.