மாத்திரை போட்டும் டி.எஸ்.எச். ஏறுவது ஏன்?

கேள்வி: என் வயது 43, எடை 60 கிலோ. தைராய்டு குறைவுக்காக 75 மைக்ரோகிராம் மாத்திரையை ஒரு நாள்கூட விடாமல் சாப்பிடுகிறேன். காலையில் எழுந்ததும் காபியோடு போட்டுக்கொள்வேன். சிற்றுண்டி முடிந்ததும் இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகள். போன ஆண்டு 3 ஆக இருந்த டி.எஸ்.எச். இப்போது 11. மாத்திரையை 100 ஆக்க வேண்டும் என்கிறார்கள். எனக்குத் தைராய்டு கூடிவிட்டதா, குறைந்துவிட்டதா?
- வாசகி, திருச்சி

பதில்: குறைந்திருக்கிறது. எண் ஏறியிருக்கிறதே என்று குழம்பாதீர்கள். டி.எஸ்.எச். தைராய்டு சுரக்கும் ஹார்மோன் கிடையாது. மூளைக்கு அடியில் பட்டாணி அளவே இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி, தைராய்டை வேலைவாங்க அனுப்பும் தாக்கீது அது.

தைராய்டு பெரும்பாலும் சுரப்பது டி4 என்ற ஹார்மோன். நீங்கள் சாப்பிடும் மாத்திரையும் அதுதான். கல்லீரல், சிறுநீரகம் போன்ற உறுப்புகள் அதை வீரியம் மிக்க டி3 ஆக மாற்றுகின்றன. இதயத்துடிப்பு, உடல் வெப்பம், குடலின் அசைவு, கொழுப்பைக் கரைக்கும் வேகம் எல்லாம் இந்த டி3-ஐப் பொறுத்தவை. ரத்தத்தில் இவை போதுமான அளவு இருந்தால் பிட்யூட்டரி அடங்கும், குறைந்தால் டி.எஸ்.எச். கூடும். இதில் பிட்யூட்டரி மிக நுட்பமானது: டி4 சற்றே சரிந்தாலும் டி.எஸ்.எச். பல மடங்கு எகிறும். ஆகவே 3 என்பது 11 ஆனதால் உங்கள் ஹார்மோன் கால்வாசியாகிவிட்டது என்று அஞ்ச வேண்டியதில்லை.

இனி உங்கள் காலை வேளைக்கு வருவோம். என் சந்தேகமெல்லாம் அங்கேதான். வெறும் வயிற்றில் தண்ணீரோடு விழுங்கினால் இந்த மாத்திரையில் ஏறக்குறைய 70 முதல் 80 சதவீதம் குடலில் உறிஞ்சப்படும். காபி அதைக் குறைக்கிறது. இரும்பும் கால்சியமும் இன்னும் மோசம். குடலிலேயே மருந்தைப் பற்றிக்கொண்டு ரத்தத்தில் சேரவிடாமல் செய்துவிடும். அந்த இரண்டு மாத்திரைகளையும் எப்போது தொடங்கினீர்கள்? கடந்த ஓராண்டுக்குள் என்றால், டி.எஸ்.எச். ஏறியதற்குக் காரணம் பெரும்பாலும் அவைதான்.

இதைச் சொல்லாமல் அளவை 100 ஆக்கிக்கொண்டால் ஒரு சிக்கல் உண்டு. நாளை இரும்பு மாத்திரை நிறுத்தப்படும்போது 100-ம் ஒழுங்காக உள்ளே போகும். அப்போது படபடப்பு, கைநடுக்கம், தூக்கமின்மை தலைகாட்டலாம். நாளடைவில் எலும்பும் தேயும். உங்கள் எடைக்கு 100 பெரிய அளவில்லை, அது தேவைப்படவும் கூடும். ஆனால் அந்த முடிவு, மாத்திரையைச் சரியாகச் சாப்பிட்டுப் பார்த்த பிறகு வர வேண்டியது. காபி, இரும்பு, கால்சியம் பற்றி உங்கள் மருத்துவரிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். அமில சுரப்பைக் குறைக்கும் வயிற்று மாத்திரை சாப்பிட்டால் அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். கர்ப்பத்துக்கு வாய்ப்பிருந்தாலோ, இதய நோய் இருந்தாலோ நீங்களாகக் காத்திருக்கக் கூடாது; அவர் சொல்வதே முதலில்.

எழுந்ததும் தண்ணீரோடு மாத்திரை. காபியும் சிற்றுண்டியும் அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்து. இரும்பும் கால்சியமும் நான்கு மணி நேரமாவது தள்ளி, மதியச் சாப்பாட்டோடு வைத்துக்கொள்ளலாம். எழுந்தவுடன் காபி இல்லாமல் முடியாது என்பவர்கள், இரவு உணவு முடிந்து மூன்று மணி நேரம் கழித்துப் படுக்கப்போகும்போது போட்டுக்கொள்ளலாம், பலனில் குறைவில்லை. மாத்திரைப் புட்டியை அடுப்பருகே வைக்காதீர்கள், வெப்பத்தில் மருந்து வீரியம் இழக்கும்.

இந்த மருந்தின் அளவு ரத்தத்தில் பாதியாகக் குறையவே ஏறத்தாழ ஏழு நாள் பிடிக்கும். அதனால் பழக்கத்தை மாற்றியதும் அடுத்த வாரமே பரிசோதனைக்கு ஓடுவது வீண். ஆறு முதல் எட்டு வாரம் கழித்து, முன்பு பார்த்த அதே ஆய்வகத்தில் பரிசோதித்துக்கொள்ளுங்கள். ரத்தம் கொடுத்த பிறகு அன்றைய மாத்திரையைப் போட்டுக்கொள்ளுங்கள். முடி உதிர்வுக்காகப் பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரை சாப்பிட்டால் இரண்டு நாள் முன்பே நிறுத்திவிடுங்கள். சில ஆய்வகக் கருவிகளில் அது டி.எஸ்.எச். அளவைப் பொய்யாகக் குறைத்துக் காட்டும். அப்போதும் எண் இறங்கவில்லை என்றால் தயங்காமல் 100-க்கு மாறுங்கள்.