தடைக்காலத்தில் மிஞ்சிய பிரெட்

அன்புள்ள ஐயா,

மண்டபம் பக்கம் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் நான்கு வருடமாக வேலை பார்க்கிறேன். காலை ஒன்பதிலிருந்து இரவு ஒன்பது வரை நின்றே பில் போடுகிறோம். ஒரு ஸ்டூல்கூடக் கிடையாது. புது மேனேஜர் மதுரையிலிருந்து வந்தவர். தேதி முடிந்த பிரெட், தயிருக்கெல்லாம் எங்கள் சம்பளத்தில் பிடிக்கிறார். மே மாதம் எனக்கு மட்டும் 700 ரூபாய் போயிற்று. வீட்டுக்காரர் விசைப்படகில் போகிறவர். வேலையை விட்டுவிடவா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

மே மாதம் என்று எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், விஷயம் அங்கேதான் இருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு கடலுக்குப் போகாது. லிட்டர் கணக்கில் எண்ணெய் வாங்கிய வீடு கால் லிட்டருக்கு இறங்கிவிடும். பிரெட் யார் வாங்குவார்கள்? உங்கள் மேனேஜர் மார்ச் மாத விற்பனையைப் பார்த்தே மே மாதத்துக்கும் ஆர்டர் போட்டிருப்பார்.

நான் தொண்டியில் ஒரு மளிகைக் கடையில் பொட்டலம் மடித்தவன். வாடைக்காற்று எழுந்து வடகடல் கலங்கினால் எங்கள் முதலாளி சரக்கைப் பாதியாகக் குறைத்துவிடுவார், கடனுக்கு மட்டும் புது நோட்டு போடுவார். ஆள் ஒன்றும் உத்தமர் இல்லை, சம்பளம் கேட்டால் அவருக்குக் காது கேட்காது. ஆனாலும் வண்டு விழுந்த பருப்பை என் தலையில் கட்டியதில்லை. வாங்கியது அவர், நட்டமும் அவருடையது.

ஒப்படைத்த சரக்கு உங்கள் கவனக்குறைவால் கெட்டால்தான் சம்பளத்தில் கைவைக்கலாம், அதுவும் உங்களிடம் விளக்கம் கேட்ட பிறகு. நாளுக்கு 8 மணி நேர வேலை என்பது 1947ஆம் வருடத்துக் கடைகள், நிறுவனங்கள் சட்டத்திலேயே இருக்கிறது. உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021இல் அதில் திருத்தமும் வந்துவிட்டது.

சட்டத்தைத் தூக்கிக்கொண்டு முதல் நாளே போகாதீர்கள். ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். இன்றைக்கு எத்தனை பிரெட் வந்தது, எத்தனை விற்றது, எத்தனை மிஞ்சியது, தினம் மூன்றே வரி. இரண்டு மாதம் எழுதி முதலாளியிடமே காட்டுங்கள். மேனேஜருக்குப் புரியாவிட்டாலும், காசு போட்டவருக்குப் புரியும். அவரும் மசியவில்லை என்றால் அதே நோட்டோடு ராமநாதபுரத்தில் தொழிலாளர் துறை அலுவலகத்துக்குப் போகலாம். அதுவரை வெற்றுத்தாளில் கையெழுத்து மட்டும் போடாதீர்கள்.

வேலையை இப்போது விட வேண்டாம். வீட்டில் ஒரு வருமானம் கடலை நம்பி இருக்கும்போது இன்னொன்றைக் கோபத்தில் விடக்கூடாது. வேறு இடம் கிடைத்தபின் விடுங்கள், அது வேறு கதை.

முதலில் ஸ்டூலைக் கேளுங்கள். தனியாகப் போகாமல், பில் போடும் எல்லாரும் சேர்ந்து போய்க் கேளுங்கள். என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.