தோற்றவருக்கு ஒரு நாற்காலி – கடிதம்

அன்புள்ள அக்கா,

லண்டன் ஹாரோவில் ஆறு வருடமாக இருக்கிறேன். 2024 தேர்தலை ஒட்டி முன்னாள் பிரதமர் தெரசா மே உட்படப் பலருக்கு ‘லார்ட்’ வரிசைப் பட்டம் கொடுத்தார்கள். அப்புறம் சிலருக்கு ‘சர்’. இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? யாருக்கு எதைக் கொடுத்தால் நமக்கென்ன என்றும் தோன்றுகிறது. இந்திய பாஸ்போர்ட்தான் வைத்திருக்கிறேன், இங்கே ஓட்டெல்லாம் போட்டதில்லை.

அன்புள்ள தம்பி,

‘சர்’ பெயருக்கு முன்னால் வருவதோடு சரி. ‘லார்ட்’ ஆனவர் நாடாளுமன்றத்தின் மேல்சபையான பிரபுக்கள் சபையில் உட்கார்ந்து சட்டங்களுக்கு ஓட்டுப் போடுவார். தெரசா மே அந்தத் தேர்தலில் நிற்கவே இல்லை, அதை விடு. என் மனசில் கிடப்பது வேறு.

2019 டிசம்பரில் லண்டன் கிங்ஸ்டனில் தங்கை வீட்டில் இருந்தேன். ரிச்மண்ட் பார்க் தொகுதி. 12-ஆம் தேதி தேர்தல், நல்ல மழை. பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு எண்பதுக்கு மேல். நான்தான் கையைப் பிடித்துக் கூட்டிப்போனேன். வெளியே வந்ததும், “பென்சில் ரொம்பக் குட்டை, குறி கோணலாக விழுந்துவிட்டது. செல்லும்தானே?” என்று கவலையாகக் கேட்டார். யாருக்குப் போட்டார் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

தொகுதி எம்.பி.யும் அமைச்சருமான ஸாக் கோல்ட்ஸ்மித், எதிர்க்கட்சி வேட்பாளர் சாரா ஓல்னியிடம் தோற்றார். ஒரு வாரத்தில் செய்தி: அவர் லார்ட் ஆகிறார், அமைச்சராகவும் தொடர்கிறார். பாட்டி பேப்பரை மடித்து வைத்துவிட்டு, “அப்போ நான் அந்த மழையில் எதற்குப் போனேன்?” என்றார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

கோல்ட்ஸ்மித் வாக்குத் தவறியவர் இல்லை. ஹீத்ரோ விமான நிலையத்தில் மூன்றாவது ஓடுபாதை வந்தால் எம்.பி. பதவியை விட்டு விலகுவேன் என்றவர், 2016-ல் சொன்னபடியே விலகி, இடைத்தேர்தலில் நின்று தோற்றார். 2017-ல் 45 ஓட்டில் ஜெயித்தார். மக்களிடம் போய் நிற்கத் தெரிந்தவருக்கே இப்படி ஒரு வழியைக் காட்டினார்களே என்பதுதான் என் ஆற்றாமை. பக்கத்துத் தொகுதி ட்விக்கன்ஹாமில் எம்.பி.யாக இருந்த வின்ஸ் கேபிள் 2015-ல் தோற்றார். ‘சர்’ பட்டம் கிடைத்தது, இருக்கட்டும். ஆனால் நாடாளுமன்றத்துக்குத் திரும்ப, 2017-ல் அதே மக்களிடம்தான் போய் ஓட்டுக் கேட்டார், ஜெயித்தார். 1958-ஆம் ஆண்டுச் சட்டப்படி யாரையும் ஆயுளுக்குப் பிரபு ஆக்கலாம்தான். சட்டம் இருக்கிறது என்பதற்காக, மக்கள் வாசல் வழியே அனுப்பியவரைக் கொல்லைப்புறமாகக் கூட்டிவரலாமா?

கடைசியில் ‘நமக்கென்ன’ என்று எழுதினாய் பார், அதில்தான் எனக்குக் கோபம். இந்தியா உள்ளிட்ட காமன்வெல்த் நாட்டுக் குடிமக்கள் அங்கே முறையாகக் குடியிருந்தால் பொதுத்தேர்தலில் ஓட்டுப் போடலாம். ஆறு வருடத்தில் இதை விசாரிக்கக்கூட உனக்குத் தோன்றவில்லையா? எண்பது வயது மனுஷி மழையில் நடந்தாள், நீ வீட்டில் உட்கார்ந்து எனக்குக் கடிதம் எழுதுகிறாய். கண்ணு, இந்த வாரமே இணையத்தில் பெயரைப் பதிவு செய். ஐந்து நிமிட வேலை. வாக்குச்சாவடியில் அடையாளத்துக்கு அந்த இந்திய பாஸ்போர்ட்டையே காட்டலாம்.