சியாச்சின் முதல் அக்னிவீர் வரை: ஆபத்துப் படி பற்றிய வாசகர் கேள்விகள்

என் மகன் ராணுவத்தில் சிப்பாய். சியாச்சினுக்கு மாற்றல் வந்திருக்கிறது. தனியாக எவ்வளவு தருவார்கள்? (தேனி வாசகி)

அம்மா, 7-வது ஊதியக் குழுவுக்குப் பின், 2017 ஜூலை முதல் சியாச்சின் படி மாதம் 30,000 ரூபாய் ஆனது. அதற்கு முன் 14,000தான். அகவிலைப்படி 50 சதவீதம் உயரும்போதெல்லாம் இந்தப் படி 25 சதவீதம் கூட வேண்டும் என்பது விதி. 2024 ஜனவரியில் அகவிலைப்படி அந்த அளவைத் தொட்டது. மகனின் சம்பளச் சீட்டில் அந்த உயர்வு ஏறியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

ஊதியக் குழு ஆபத்தை மூன்று நிலையாகவும், கஷ்டத்தை மூன்று நிலையாகவும் பிரித்து ஒன்பது கட்டம் போட்டது. அந்த ஒன்பதுக்கும் மேலே தனியாக நிற்பது சியாச்சின். அது சரியான முடிவு. ஆனால் அதே 2017 கணக்கில் அதிகாரிகளுக்கு 42,500 ரூபாய். அங்கே எதிரியின் குண்டைவிடப் பனியும் குளிரும்தான் அதிக உயிர்களைப் பறித்திருக்கின்றன. பனிச்சரிவு பதவி பார்த்து வருவதில்லை. சிப்பாய்க்கும் அதிகாரிக்கும் அடிப்படைச் சம்பளம் வேறுபடலாம். உயிராபத்துக்கான தொகை வேறுபடுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

மருமகன் மத்தியக் காவல் படைகளில் ஒன்றான சி.ஆர்.பி.எஃப்.பில், சத்தீஸ்கரில் இருக்கிறார். ராணுவத்துக்குச் சமமாகத்தான் கிடைக்கிறதா? (வேலூர் வாசகர்)

ஆபத்துப் படியில் ஓரளவு நெருங்கிவிட்டார்கள். 2019 பிப்ரவரியில் புல்வாமா தாக்குதல் நடந்த சில நாட்களில், காஷ்மீரிலும் நக்சல் பகுதிகளிலும் பணியாற்றும் மத்தியக் காவல் படையினருக்கு இன்ஸ்பெக்டர் வரை 9,700 ரூபாயிலிருந்து 17,300 ஆகவும், அதற்கு மேல் 16,900 ரூபாயிலிருந்து 25,000 ஆகவும் உயர்த்தினார்கள். நாற்பது பேரைப் பறிகொடுத்த பிறகு செய்தது, முன்பே செய்திருக்க வேண்டியது.

பெரிய வித்தியாசம் வேறிடத்தில் இருக்கிறது. ராணுவச் சிப்பாய்க்கு எங்கே இருந்தாலும் மாதம் 5,200 ரூபாய் ராணுவ சேவை ஊதியம் உண்டு. அதற்கு அகவிலைப்படியும் உண்டு, ஓய்வூதியக் கணக்கிலும் அது சேரும். மத்தியக் காவல் படைகளுக்கு அது கிடையாது. கண்ணிவெடி புதைத்த காட்டுப்பாதையில் நடப்பவருக்கு இது நியாயமில்லை.

மாநிலப் போலீசுக்கு ஏன் ஒரே விகிதம் இல்லை?

காவல்துறை மாநிலப் பட்டியலில் வருகிறது. படியை நிர்ணயிப்பது அந்தந்த அரசு. மகாராஷ்டிரத்தில் நக்சல் பாதிப்புள்ள கட்சிரோலியில் பணியாற்றும் போலீசாருக்கு ஒன்றரை மடங்கு அடிப்படைச் சம்பளம் தருகிறார்கள். மற்ற மாநிலங்களும் பின்பற்றலாம்.

இந்தப் படி ஓய்வூதியத்தில் சேருமா? வருமான வரி உண்டா?

சேராது. இடத்துக்காகத் தரும் பணம் இது. ஆள் இடம் மாறினால் படியும் நின்றுவிடும். அதை நம்பி வீட்டுக் கடன் தவணையைக் கூட்டிக்கொள்ளாதீர்கள். மாற்றலாகி சமதளத்துக்கு வந்ததும் தவணை கட்டத் திணறும் குடும்பங்கள் உண்டு.

வரியைப் பொறுத்தவரை, 2026 மார்ச் வரைக்குமான 1961 வருமான வரிச் சட்டத்தின் பழைய முறையில் ஒரு பகுதிக்கு மட்டும் விலக்கு. கிளர்ச்சி எதிர்ப்புப் பணிப் படியில் மாதம் 3,900 ரூபாய் வரை. புதிய வரிமுறையில் அந்த விலக்கும் கிடையாது. இரண்டையும் கணக்குப் போட்டுப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.

நான்கு ஆண்டுப் பணிக்குச் சேரும் அக்னிவீருக்கு ஆபத்துப் படி உண்டா?

உண்டு. அகவிலைப்படியும் ராணுவ சேவை ஊதியமும்தான் கிடையாது. முதல் ஆண்டு 30,000 ரூபாயில் 30 சதவீதம், பணி முடிவில் மொத்தமாகத் தரும் சேவா நிதிக்குப் போக, கையில் 21,000 வரும். பணியிடத்துக்கு உரிய ஆபத்துப் படி இதற்கு மேல். பணியில் உயிரிழந்தால் 48 லட்சம் காப்பீடும் 44 லட்சம் கருணைத் தொகையும் உண்டு, ஆனால் வழக்கமான குடும்ப ஓய்வூதியம் இல்லை. காப்பீட்டில் வாரிசுப் பெயர் சரியாகப் பதிவாகியிருக்கிறதா என்று பையனிடம் இன்றே கேளுங்கள்.