சொல் நம்முடையது, படகு நம்முடையதன்று

இரட்டை உடல் கொண்ட சொகுசுப் படகை ஆங்கிலேயர் ‘கேட்டமரான்’ என்கிறார்களே, அது நம் கட்டுமரம்தானா என்று கேட்டிருக்கிறீர்கள். சொல் மட்டுமே நம்முடையது. சோழமண்டலக் கரை மீனவர்கள் மரத்துண்டுகளைக் கயிற்றால் பிணைத்துச் செலுத்திய மிதவையே கட்டுமரம். ஊறிய மரம் கனத்துவிடும் என்பதால், கரை சேர்ந்ததும் கட்டவிழ்த்து உலர்த்துவார்கள். ஆங்கிலக் கடலோடி வில்லியம் டாம்பியர் 1697இல் வெளியிட்ட பயண நூலில் இக்கலத்தை விவரித்திருக்கிறார். 1804இல் பூலோன் துறைமுகத்தில் பிரெஞ்சுக் கலங்களைத் தகர்க்கப் பிரிட்டிஷ் கடற்படை மிதக்கவிட்ட வெடிகலங்களும் இப்பெயரையே பெற்றன; சண்டைக்காரப் பெண்ணைக் குறிக்கும் வசைச்சொல்லாகவும் அது வழங்கியது வேடிக்கைதான். இன்றைய பொருளோ, 1876இல் அமெரிக்கரான நத்தானியேல் ஹெரஷாஃப் கட்டிய ‘அமரில்லிஸ்’ போன்ற இரட்டை உடல் பாய்மரப் படகுகளால் வேரூன்றியது. அவ்வடிவத்தின் தோற்றுவாய் பசிபிக் தீவுகளில் இருக்கிறது.