அம்மாவுக்கு மட்டும் ஏன் முழு மயக்கம்?

கேள்வி: காசிமேட்டில் மீன் விற்கும் என் அம்மாவுக்கு வயது 58. சுகர் இருக்கிறது. பித்தப்பைக் கல்லுக்கு லேப்ராஸ்கோபி ஆபரேஷன் செய்யத் தேதி கொடுத்திருக்கிறார்கள். பக்கத்து வீட்டு அக்காவுக்குக் குடலிறக்க ஆபரேஷன் முதுகில் ஊசி போட்டே முடிந்துவிட்டது. டாக்டர்கள் பேசியதெல்லாம் காதில் விழுந்ததாம். அம்மாவுக்கு மட்டும் ஏன் முழு மயக்கம்? திரும்ப எழுந்துவிடுவாரா?

பதில்: கடைசிக் கேள்விதான் உங்கள் மனதில் முதலில் வந்திருக்கும். எழுந்துவிடுவார் என்றே நம்பிப் போகலாம். சுகர் இருப்பதால் கவனம் கூடுதலாக வேண்டும், அவ்வளவுதான்.

பக்கத்து வீட்டு அக்காவுக்கு அடிவயிற்றில் வேலை. இடுப்புக்குக் கீழேயும் கொஞ்சம் மேலேயும் மரத்துப்போனால் போதும். லேப்ராஸ்கோபி அப்படியில்லை. வயிற்றுக்குள் கரியமில வாயுவை நிரப்பிக் கூடாரம் மாதிரி உப்ப வைத்துத்தான் கேமராவை நுழைப்பார்கள். அந்த வாயு, நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான உதரவிதானத்தை மேலே தள்ளும். நுரையீரல் விரிய இடம் குறையும். விழித்திருப்பவருக்கு மூச்சு முட்டும், தோள்பட்டை வலிக்கும். அதனால்தான் தூங்க வைத்து, தொண்டையில் குழாய் போட்டு, மெஷின் மூலம் மூச்சு கொடுக்கிறோம். அதே குடலிறக்கம் 6 வயதுப் பையனுக்கு என்றால் அவனுக்கும் முழு மயக்கம்தான். முதுகில் ஊசி போட அவன் அசையாமல் உட்கார வேண்டுமே!

ஊசி போட்டுவிட்டு மயக்க மருந்து டாக்டர் டீ குடிக்கப் போய்விடுவார் என்று நினைப்பவர்கள் உண்டு. இல்லை. நாடித்துடிப்பு, பிரஷர், ஆக்ஸிஜன், வெளிவிடும் மூச்சு என்று பார்த்தபடி தலைமாட்டிலேயே இருப்பார். மருந்து போய்க்கொண்டிருக்கும் வரைதான் தூக்கம். ஆபரேஷன் முடிந்து நிறுத்தினால் பெரும்பாலும் சில நிமிடங்களில் கண் திறப்பார்கள்.

சரி, அம்மா புகையிலை போடுவாரா? வட சென்னையில் இதைக் கேட்காமல் நான் யாரையும் அனுப்புவதில்லை. வருடக்கணக்கில் பாக்கும், புகையிலை கலந்த மாவாவும் மென்றவர்களில் சிலருக்கு வாய் இறுகிப்போய், அவர்களின் மூன்று விரல்கூட உள்ளே போகாது. அப்புறம் குழாயை எப்படிப் போடுவது? முன்பே தெரிந்தால் மூக்கு வழியாகக் கேமரா குழாய் விட ஏற்பாடு செய்துகொள்வோம். மேஜையில் படுத்த பிறகு தெரிந்தால்தான் ஆபத்து. பிள்ளைகள் முன்னால் சொல்லக் கூச்சப்பட்டால், டாக்டரிடம் தனியாகச் சொல்லட்டும். ஆடும் பல், பலத்த குறட்டை, முன்பு மயக்க மருந்தில் வந்த தொந்தரவு, இவற்றையும் மறைக்க வேண்டாம்.

சுகர் மாத்திரைகளை அட்டையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போன்றவற்றைப் பொதுவாக 3 நாள் முன்பே நிறுத்தச் சொல்வோம். மற்றவற்றில் எதை ஆபரேஷன் அன்று காலை விட வேண்டும் என்று அங்குள்ள டாக்டர்களே சொல்வார்கள். நீங்களாக முடிவெடுக்க வேண்டாம்.

இன்னொன்று, டீ. விடியற்காலை ஏலத்துக்குப் போகிறவர், 4 மணிக்கு ஒரு டீ இல்லாமல் இருப்பது கஷ்டம்தான். ஆனால் பால் கலந்த டீ எங்கள் கணக்கில் சாப்பாடு. சாப்பாட்டுக்கு 6 மணி நேரம், வெறும் தண்ணீருக்கு 2 மணி நேரம் இடைவெளி வேண்டும். வயிற்றில் உள்ளது மயக்கத்தில் மேலேறி நுரையீரலுக்குள் போனால் நிலைமை மோசமாகிவிடும். சுகர் உள்ளவர்களுக்கு இரைப்பை காலியாகவே நேரம் பிடிக்கலாம், அதனால் டாக்டர்கள் சொல்லும் நேரத்தில் ஒரு நிமிடம்கூடக் குறைக்காதீர்கள்.

வீட்டுக்கு வந்த பின் ஓரிரு நாள் தொண்டை கரகரக்கும், தோள்பட்டை வலிக்கும். தோள் வலி அந்த வாயுவின் வேலை, தானாகப் போய்விடும். காய்ச்சல், மூச்சுத்திணறல், மஞ்சள் கண் என்றால் உடனே ஆபரேஷன் செய்த இடத்துக்கே கூட்டிப் போங்கள்.